ஜொஹராவுக்கு ஒரு வாய்

சங்குமுனைப் பட்டினத்தில் ஒருத்தி விழுங்கிய கவளம் இன்னொருத்தியின் வயிற்றில் போய் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம்தான், அதை அந்த வீட்டில் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய எட்டு மாதமாக விழுங்குவது என்ற ஒரே காரியத்தைத் தவிர வேறு எதையும் அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை, அது எந்த வழியிலாவது நடந்தால் போதும் என்ற இடத்துக்கு எல்லோரும் எப்போதோ வந்து சேர்ந்திருந்தார்கள்.

விழுங்க முடியாமல் போனவள் ஜொஹரா. முப்பத்தொன்பது வயது, நடுத்தெருவில் உம்மா விட்டுப்போன பழைய வீட்டில் தங்கை ராலியாவோடு இருந்தாள். இரண்டு பேருடைய கணவன்மாரும் கொழும்பில் ஒரே கடையில் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் ஜொஹராவின் இடது கண்ணிமை இறங்கியது, மாப்பிள்ளை ஊருக்கு வந்து போன களைப்பு என்று தெருவே கேலி பேசியது. பிறகு குரல் மூக்கு வழியாக வர ஆரம்பித்தது, அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்து, புரையேறி, முகம் நீலம் பாரித்து, நான்கு பேர் முதுகில் குத்தி அவளை உயிரோடு மீட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

திருநெல்வேலி டாக்டர் சொன்ன நோயின் பெயர் நீளமானது, அதை நடுத்தெருவில் யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. நரம்பு அனுப்புகிற சேதி தசைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று ராலியா எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாத்திரை. மாத்திரை போட்ட அரை மணியில் தொண்டைக்குக் கொஞ்சம் உயிர் வரும், ஐந்தாறு தரம் விழுங்கலாம், அதற்குப் பிறகு தொண்டை கடையைச் சாத்திவிடும். நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்க வேண்டும், ஒரு வாய்க்கு இரண்டு தரம் விழுங்க வேண்டும், இடையில் பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது. வெறும் தண்ணீர் ஆகாது, கூகைக்கிழங்கு மாவு போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ராலியா தொழுகையின் வரிசையைப் போலப் பிசகாமல் செய்தாள், செய்தும் ஜொஹராவின் வளையல்கள் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து கழன்று விழுந்தன.

சங்குமுனையில் யாரும் தனித்தட்டில் சாப்பிடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து உண்பார்கள். நல்ல கறித்துண்டு தன் பக்கம் வந்தால் எதிரில் இருப்பவள் பக்கம் தள்ளிவிட வேண்டும், கடைசி ஆள் முடிக்கும் வரை முதலில் முடித்தவள் எழக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதிவைத்தவர் யாரும் இல்லை, மீறினவளும் யாரும் இல்லை. ஜொஹரா ஒரு கிண்ணம் குழைந்த சோற்றை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும், ராலியா அவள் எதிரில் கை காய்ந்து உட்கார்ந்திருப்பாள். டாக்டர் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஜொஹரா தலையை ஆட்டி மறுத்தாள்.

“குழாய்ல ஊத்துறது சோறாம்மா?” என்று மூக்குக் குரலில் கேட்டாள். “சஹன்ல உக்காராம நான் என்ன மனுசி?”

“உசிரோட இருக்கிற மனுசி” என்றாள் ராலியா. அதற்கு மேல் சண்டை போட ஜொஹராவின் நாக்குக்குத் தெம்பு இல்லை, ராலியாவுக்கு மனசு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேலத்தெருக் கல்யாண வீட்டிலிருந்து களறிக்கறி என்கிற விருந்து ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் கத்தரிக்காய் மாங்காயும் வந்தன. முந்தின நாள் முழுக்க ஜொஹராவுக்கு மூச்சு முட்டிக்கொண்டே இருந்ததால் ராலியா அடுப்பே பற்றவைக்கவில்லை, தானும் ஒன்றும் தின்னவில்லை. சஹனில் கொட்டியதும் நெய் வாசம் அவள் மூக்கில் ஏறி உடம்பையே உலுக்கியது. அக்கா எதிரில் ஒரு வாய் கஞ்சியோடு போராடிக்கொண்டிருக்க, ராலியா வெட்கப்பட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பி ஒரு பெரிய கவளத்தை உருட்டி வாயில் போட்டு, மென்றும் மெல்லாமலும் விழுங்கினாள். தொண்டை வரைக்கும் போனது தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

ஜொஹரா வயிற்றில் கை வைத்தாள். “புள்ள, களறிக்கறி” என்றாள். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “உப்பு ஒரு கல்லு கூட” என்றாள்.

ராலியா இன்னொரு வாய் விழுங்கினாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. பத்து வாய், இருபது வாய் விழுங்கினாள், விழுங்க விழுங்க அவளுக்குப் பசி ஏறிக்கொண்டே போனது, எதிரில் ஜொஹராவின் முகத்தில் எட்டு மாதமாகக் காணாத ஒரு தெளிவு பரவியது. சஹன் காலியானபோது ஜொஹரா ஏப்பம் விட்டாள். ராலியா பசித்த வயிற்றோடு உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள்.

சங்குமுனையில் தெருவுக்குத் தெரு வீடுகளின் பின்னால் முடுக்கு ஓடும், ஆண்கள் கால் வைக்காத, பெண்கள் மட்டும் நடக்கிற ஒடுக்கமான சந்து. அந்த முடுக்கு வழியாகச் சேதி சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. எப்படி நடக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வரட்டும் என்றுதான் கேட்டார்கள். மறுநாள் காலை வாசலில் முப்பது பேர் நின்றார்கள், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சட்டி. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஆள் அனுப்பி விளக்கம் கேட்டார்கள். அவர் இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டிவிட்டு, உண்பவள் ஜொஹராவுக்கு என்று மனசில் நிய்யத்து வைத்து பிஸ்மி சொல்ல வேண்டும், வயிறு நிறைந்தவள் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும் என்று முடித்துக் கொடுத்தார். இதில் மறுத்துப் பேச யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

விளக்கம் வந்த முதல் நாளே ஒரு விபரீதமும் நடந்தது. வந்த முப்பது பேரும் ஆசை ஆசையாக ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ண, ஜொஹராவின் வயிறு கண்ணெதிரில் பானையாக உப்பி, அவள் வாந்தியெடுத்தாள். விழுங்கத் தெரியாத தொண்டைக்கு வாந்தியைத் தடுக்கவும் தெரியாது, மேலே வந்ததில் பாதி மூச்சுக்குழாய்க்குள் போனது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, அவள் பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தரம் இப்படி ஆனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் ராலியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பெண்கள் தொழுகிற தைக்காவில் முன்னின்று ஓதிக்கொடுக்கும் செய்யது நாச்சி மாமி முறை வைத்தாள். ஒரு வேளைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஏழு வாய், அதற்கு மேல் ஒரு பருக்கை கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

அந்த முதல் மாதம் நடுத்தெருவில் திருவிழாதான். வட்டிலப்பம் என்ன, இடியப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் என்ன, ஜொஹரா தன் பிறப்பில் கண்டிராத பதார்த்தமெல்லாம் அவள் வயிற்றுக்குள் போனது. பக்கத்து வீட்டு மர்யம் கனி பதினொரு வருஷமாகச் சீனி நோய்க்காரி, அவள் மற்றவர்கள் முறையையும் கடன் வாங்கிக்கொண்டு வந்து ஏழு வாயும் இனிப்பாகவே உண்டாள்.

“வாய் எனக்கு, வயிறு ஜொஹராவுக்கு” என்று கண்ணைச் சிமிட்டினாள். “எந்த டாக்டர் என்னைக் கேக்கப்போறான்?”

ஜொஹரா தேறினாள், கன்னத்தில் சதை பிடித்தது. மாத்திரையை மட்டும் அவளேதான் விழுங்க வேண்டியிருந்தது, யார் அதை விழுங்கிப் பார்த்தாலும் அது விழுங்கினவள் வயிற்றிலேயே நின்றது. தன் தொண்டையில் இருக்கும் ஐந்தாறு விழுங்கலையும் மாத்திரைக்கென்று வைத்துக்கொண்டு, மீதியை ஊரின் தொண்டையில் விட்டுவிட்டு அவள் நிம்மதியாக இருந்தாள். குழாய்ப் பேச்சை எல்லோரும் மறந்துபோனார்கள்.

இரண்டாம் மாதத்தில் சில வாய்கள் போய்ச் சேராமல் நின்றன. முறைக்கு வந்த பெண் ஏழு வாய் உண்டு எழுவாள், ஜொஹரா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதைக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்வாள், உண்மையில் ஒரு வாயோ இரண்டு வாயோதான் வந்திருக்கும். நிய்யத்தில் கோளாறா, பிஸ்மியில் கோளாறா என்று செய்யது நாச்சி மாமி பத்து நாள் கவனித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பசித்தவள் ஆசைப்பட்டு விழுங்குகிற வாய்தான் போகிறது. வீட்டில் பசியாறிவிட்டு முறைக்காக வருகிறவளின் வாய் போவதில்லை. பாவம் என்று இரக்கப்பட்டு விழுங்குகிற வாயும் போவதில்லை. மாத்திரை ஏன் போகவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

விளங்கி என்ன செய்ய? பசியோடு வாருங்கள் என்று மாமி சொன்னாள், வந்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்தாள், அவளுடையது ஒன்றுகூடப் போகவில்லை. இன்னொருத்தி பசியோடுதான் இருந்தாள், ஆனால் அந்த ஒடுங்கிய முகத்தையும் துணியால் கட்டி நிறுத்திய தாடையையும் பார்த்ததும் அவளுக்குப் பசி செத்துப்போனது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எண்பது ஆனார்கள், எண்பது பேர் இருபதானார்கள். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு மூட்டுவலி, ஊரிலிருந்து மச்சான் வந்திருக்காஹ. போய்ச் சேராத வாயை எதற்கு உண்பது என்ற வெட்கம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, அதை ராலியா புரிந்துகொண்டாள், புரிந்துகொண்டும் அவர்களை மனசாரத் திட்டினாள்.

ஆனால் ராலியாவிடம் அவர்கள் எல்லோரையும்விடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. அவளுடைய வாயும் போகவில்லை. நாற்பது நாளாகப் போகவில்லை. விடியலில் மாத்திரை இடித்து, தாடை பிடித்து, எச்சில் துடைத்து, இரவில் மூச்சைக் காதால் எண்ணி எண்ணி அவளுக்கு இந்த உலகத்தில் எந்தப் பண்டத்தின் மேலும் ஆசை இல்லாமல் போய்விட்டது. நெய்ச்சோறும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான். அக்காவுக்காக வேளைக்கு வேளை சஹனில் உட்கார்ந்து வாய் வாயாக விழுங்கினாள், விழுங்கியதெல்லாம் அவளுக்குள்ளேயே இறங்கி அவளையே ஊதவைத்தது. அக்கா மெலிய மெலியத் தங்கை பெருத்தாள். முடுக்கில் எதிர்ப்பட்ட பெண்கள் விசேஷம் ஏதும் உண்டா என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டபோது அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“இறங்கிச்சா லாத்தா?” என்று ஒவ்வொரு வாய்க்கும் கேட்பாள்.

“இறங்கிச்சும்மா” என்பாள் ஜொஹரா.

அக்காவுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று ராலியா நம்பினாள், நம்பாமல் அந்த நாட்களைக் கடந்திருக்க முடியாது. குழாய் வைத்துவிடலாமா என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள். கேட்டால் உன் வாய் என்ன ஆச்சு என்று அக்கா திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து கேட்காமலே இருந்தாள். ஜொஹராவின் எடை முப்பத்துநான்கு கிலோவுக்கு வந்தது.

அப்போது நோன்பு மாதம் பிறந்தது. ஜொஹராவுக்கு நோன்பு கடமை இல்லை, நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் அவளுக்காக விழுங்குகிற வாய்கள் எல்லாம் நோன்பு. முதல் நோன்புக்கு முந்தின மாலை தைக்காவில் செய்யது நாச்சி மாமி பேசினாள். ஜொஹராவின் பெயரை அவள் எடுக்கவே இல்லை. ஈகையைப் பற்றிப் பேசினாள், வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்றாள், சொல்லிக்காட்டின தர்மம் தர்மமே இல்லை என்றாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வீடு திரும்பினார்கள்.

முதல் நோன்பன்று கடல் காற்றே இல்லை. தொழுகைக்கும் நோன்புக்கும் விலக்கான நாளில் இருந்த இரண்டு பெண்கள் மதியம் முடுக்கு வழியாக மறைவாக வந்து ஜொஹராவுக்காக நான்கு வாய் உண்டார்கள். ஊரே காய்ந்து கிடக்கும்போது தாங்கள் மட்டும் உண்கிற கூச்சத்தில் அவர்களுக்கு ஆசையே வரவில்லை, ஒன்றும் போகவில்லை. ஜொஹரா காலை மாத்திரையோடு சேர்த்து இரண்டு கரண்டி கெட்டித் தண்ணீர் விழுங்கியிருந்தாள், அவ்வளவுதான். உதடு வெடித்திருந்தது. ராலியாவும் நோன்பு, விடியலுக்கு முந்தின சஹர் நேரத்தில்கூட அவள் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

நோன்பு திறக்கிற பாங்குக்கு அரை மணி இருக்கும்போது அக்காவின் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, ராலியா சட்டியை எடுத்துக்கொண்டு முடுக்கு வழியாக மர்யம் கனி வீட்டுக்குப் போனாள். பள்ளிவாசல் நோன்புக்கஞ்சியை அவள் மகன்தான் தெருவுக்கெல்லாம் வாங்கி வந்து வைப்பான். மர்யம் கனி கஞ்சியை ஊற்றிக்கொண்டே ஒரு மாதிரி சிரித்தாள்.

“இன்னைக்கு உன் லாத்தாவுக்கு வயிறு குளுந்துரும் பாரு” என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராலியாவுக்குப் புரிந்தது. பதினான்கு மணி நேரப் பசியின் முதல் வாயை மர்யம் கனி ஜொஹராவுக்கென்று நிய்யத்து வைத்திருக்கிறாள். அந்த வாயைவிட ஆசைப்பட்ட வாய் உலகத்தில் ஏது? ராலியா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த வீட்டுக் கதவோரம் நின்ற சித்தி ரகுமா அவளைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்தி, “லாத்தாவை நிமித்தி உக்காரவெச்சிட்டியா? பாங்கு சொல்லுறப்ப படுக்கையில இருக்கக் கூடாது” என்றாள். மூன்றாவது வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல், “ராலியா, இன்னைக்கு அவளுக்குப் புரையேறாம கொஞ்சம் பாத்துக்க” என்றது. நான்காவது வீட்டு அடுக்களையில் இருந்த மூன்று பெண்களும் அவளைப் பார்த்து ஒரே மாதிரி புன்னகைத்தார்கள்.

பெயர் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நேற்று மாமியின் பேச்சைக் கேட்டவர்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லாமல், முதல் வாயை ஜொஹராவுக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள். பாங்கு சொல்லும் அந்த ஒரு நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரீச்சம்பழமும் இருநூற்றுப் பன்னிரண்டு மடக்குத் தண்ணீரும் முப்பத்துநான்கு கிலோ உடம்புக்குள் போய் விழப்போகிறது. முப்பது பேருக்கே மூச்சு நின்றுபோன உடம்பு அது.

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். முதலில் அகப்பட்டவளின் தோளைப் பிடித்து உலுக்கி, “லாத்தாவுக்கு நிய்யத்து வெச்சிருக்கியளா? வேணாம், இன்னைக்கு வேணாம்” என்றாள்.

“நானா? இல்லையேம்மா” என்றாள் அவள், முகம் சிவந்து.

“உண்மையச் சொல்லுங்க, எல்லாரும் வெச்சிருக்காஹ, என் லாத்தா செத்துருவா!”

“எல்லாரும் வெச்சிருக்கட்டும், நான் வெக்கலை. நான் என்ன அவ்வளவு நல்லவளா?”

அடுத்த வீட்டிலும் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. தர்மத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நேற்றுத்தான் மாமி சொல்லியிருந்தாள், நல்ல பெண்கள் எல்லோரும் நல்ல பெண்களாகவே பொய் சொன்னார்கள். மர்யம் கனியே, “நான் அப்பிடியா சொன்னேன்? உனக்குப் பசி மயக்கம்” என்று சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். வைக்கவில்லை என்கிறவளிடம் எடுத்துவிடு என்று எப்படிக் கேட்பது? ராலியா செய்யது நாச்சி மாமியின் காலில் விழுந்தாள், மாமி அவளைத் தூக்கி நிறுத்தி, “என்கிட்ட ஏம்மா கேக்குறே, எனக்கு ஒண்ணும் தெரியாதே” என்று வேறு பக்கம் பார்த்தாள். மாமியின் கையில் பேரீச்சம்பழம் இருந்தது. வானம் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது, வீடு வீடாக விரிப்பு போட்டு, தண்ணீர்ச் செம்பைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி உறுமுவதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராலியா முடுக்கின் நடுவில் வந்து நின்றாள். ஊரில் இருக்கும் அத்தனை பெண்களையும் ஒரே நொடியில் நிறுத்தக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது வாய்க்கு வந்ததும் அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

“எங்க லாத்தா மவுத்தாயிட்டா! எங்க லாத்தா எங்களை விட்டுட்டுப் போயிட்டா!”

முதலில் மர்யம் கனி வீட்டிலிருந்து ஓலம் கிளம்பியது, அடுத்த வீட்டுக்குத் தாவியது, நடுத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்குப் போனது, ஒவ்வொரு அடுக்களையிலிருந்தும் சாவுச் சேதிக்கு இன்னாலில்லாஹி சொல்கிற குரல் எழுந்தது. மவுத்தானவளுக்குத் துஆ கொடுக்கலாம், ஒரு வாய் சோறு கொடுக்க முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு நிய்யத்தும் அந்த ஓலத்தில் கரைந்துபோனது. பாங்கு ஒலித்தது. நோன்பைத் திறக்கத் தாமதிக்கக் கூடாது என்பதால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டே ஒரு பழத்தைக் கடித்து, அழுதுகொண்டே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்கள், அந்தத் தண்ணீர் அவரவர் வயிற்றுக்குள்ளேயே போனது.

ராலியா சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு நெஞ்சில் என்னவோ லேசாகிப்போனது. முடிந்தது, இனி மாத்திரை இடிக்க வேண்டாம், இரவில் மூச்சை எண்ண வேண்டாம் என்று உடம்பு ஒரு கணம் நம்பிவிட்டது, நம்பிச் சந்தோஷப்பட்டும்விட்டது. அக்காவை நானே கொன்று பார்த்தேன், எனக்கு இனித்தது என்று நினைத்து விம்மினாள். அந்த இனிப்பு கரைந்த இடத்தில் நாற்பது நாளாக இல்லாத தாகம் ஒன்று வந்து நின்றது. நாக்கு, தொண்டை, எலும்பு எல்லாம் தண்ணீர் தண்ணீர் என்றது.

சித்தி ரகுமா அழுதுகொண்டே ஓடிவந்து அவள் கையில் ஒரு செம்பைத் திணித்தாள். “நோன்பு திறந்துட்டு அழு புள்ள” என்றாள்.

ராலியா பிஸ்மி சொன்னாள், பழக்கத்தில் லாத்தாவுக்கு என்றும் வாய் முணுமுணுத்தது, செம்பைத் தூக்கி ஒரே மூச்சில் ஒரு பெரிய மடக்குக் குடித்தாள். குளிர்ச்சி தொண்டை வரை வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. தாகம் அப்படியே இருந்தது.

செம்போடு வீட்டுக்கு ஓடினாள். பின்னால் முடுக்கு நிறையப் பெண்கள் அழுதுகொண்டு வந்தார்கள், மய்யித்து வீட்டுக்கு வருகிற மாதிரி தலையை மூடிக்கொண்டு வந்தார்கள், வாசல்படியில் வந்ததும் முன்னால் வந்தவள் நிற்க, பின்னால் வந்தவர்கள் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஜொஹரா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணிமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். தன் மவுத்துக்கு வந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தங்கையின் கையிலிருந்த செம்பில் கண்ணை நிறுத்தினாள்.

“கேட்டுச்சு, நீ கத்துனது” என்றாள்.

ராலியா செம்போடு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அதுக்கப்புறம் ஒரு மடக்குத் தண்ணி வந்துச்சு” என்று ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கி ஜொஹரா சொன்னாள். “அது நீதானே? நாப்பது நாளா உன்னோடது வரல்லயே புள்ள. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்.”

“லாத்தா...”

“நாளைக்குத் திருநெல்வேலி போவோம். குழாய் வெச்சிரட்டும்.” ஜொஹரா விரலை எடுத்தாள், இமை தானாக இறங்கி மூடியது. “இப்ப இன்னும் ஒரு மடக்குக் குடி.”